ஜெர்மன் ஹெல்மெட்: ஸ்டிக்கரை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: பெல்ஜியத்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் ராணுவ ஹெல்மெட் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் கறுப்பு, வெள்ளை, சிவப்பு பட்டைபோட்ட கேடயம். இரண்டு ஸ்டிக்கரும் பளிச்சென்று இருக்கின்றன. கீழ்விளிம்பு மடிக்காமல், வெட்டிய தகடாகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கேள்வியிலேயே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். 1935 மாடலில் விளிம்பை உள்பக்கம் சுருட்டி மடித்திருப்பார்கள். காற்றுத் துளையில் தனியாக ஒரு சின்ன வளையம் இருக்கும். 1940இல் வளையம் போய், துளையை ஹெல்மெட்டின் ஓட்டிலேயே அழுத்தி எடுத்தார்கள். 1942இல் விளிம்பை மடிக்கும் வேலையும் நின்றது. ஆக, நீங்கள் பார்த்தது 1942 மாடல். ஆனால் அந்த மூவண்ணக் கேடயத்தை எடுத்துவிடும்படி 1940லேயே உத்தரவு வந்துவிட்டது. பிறகு எப்படி இதில் ஏறியது? கழுகு 1943 வரை ஒட்டப்பட்டதுதான். அது மட்டும் இருந்தால் யோசிக்கலாம். கேடயத்தைப் புதிதாக ஒட்டியவர் கழுகை மட்டும் சும்மா விட்டிருப்பாரா?

அதற்காக ஹெல்மெட்டின் ஓடே போலி என்று அர்த்தமில்லை. கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே ஓரத்தில், பெரும்பாலும் இடப்பக்கம், ஆலையின் குறியும் அளவும் அடித்திருக்கும். 'ஈ.டி.' அல்லது 'சி.கே.எல்.' என்றால் தாலே ஊர் ஆலை. 'கியூ' என்றால் எஸ்லிங்கனில் இருந்த க்விஸ்ட் ஆலை. பின்புறம் உள்ளே இன்னொரு எண் இருக்கும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே குத்திய எண்கள் இவை. அந்தப் பள்ளங்கள் தடித்த பெயிண்டில் மூழ்கிக் கிடந்தால் யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள்.

அப்புறம் உள்ளே தலை பதியும் தோல். எட்டு நாக்குகள், உச்சியில் ஒரு கயிறு, மொத்தத்தையும் ஓட்டில் பிடித்திருக்கும் மூன்று பிளவு ஆணிகள். ஓட்டின் அளவு 64 என்று இருந்தால், அந்தத் தோலைத் தாங்கும் உள்பட்டையிலும் 64 இருக்க வேண்டும். கூடவே 56 அல்லது 57 என்று தலையின் சுற்றளவு. பட்டையில் 66 என்று இருந்தால் பட்டை மாறியிருக்கிறது. அது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போருக்குப் பிறகு நார்வேயும் பின்லாந்தும் இந்த ஹெல்மெட்டுகளைத் தங்கள் படைகளுக்குப் பயன்படுத்தின; பட்டை அப்போதும் மாறியிருக்கலாம். ஆனால் விலை குறையும். பின்புறம் வெளியே செவ்வகக் கொக்கி ரிவெட் அடித்திருந்தால் அது ஹங்கேரி ஹெல்மெட், ஜெர்மன் அல்ல.

புற ஊதா டார்ச் இருந்தால் தையல் நூலில் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் பிற்கால நூல். ஒளிராவிட்டால் அதை வைத்து அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஜெர்மனிக்குக் கொண்டுபோனால் ஒரு விஷயம்: அந்தக் கழுகின் காலில் இருப்பது ஸ்வஸ்திகா. அங்கே அதைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம்.

எண்ணும் தோலும் சரியாக இருந்தால், ஸ்டிக்கர் இல்லாத 1942 ஹெல்மெட்டுக்கு என்ன விலையோ அதை மட்டும் கேளுங்கள். கடைக்காரர் ஸ்டிக்கருக்கும் சேர்த்து விலை சொன்னால் விட்டுவிடுங்கள்.