டர்போ பொருத்திய 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பின் டிஃபரன்ஷியல் உடையாமல் இருக்க, அதை எப்படி வலுப்படுத்துவது?

கேட்டவரின் கார் 1.6 லிட்டர் இன்ஜின் கொண்டது. டிஃபரன்ஷியல் என்பது இன்ஜினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி. என் பதில்: அந்த டிஃபரன்ஷியலில் ஒரு காசும் செலவழிக்காதீர்கள். அதைக் கழற்றிவிட்டு, 1994 முதல் 1.8 லிட்டர் கார்களில் வந்த டிஃபரன்ஷியலைப் பொருத்துங்கள். இதே மாடல் காரில் நானே இரண்டு டிஃபரன்ஷியல்களை இழந்த பிறகு சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பதில் உள்ளே உள்ள பெரிய பற்சக்கரமான கிரவுன் சக்கரம் 6 அங்குலம், 1.8 காரில் 7 அங்குலம். ஓர் அங்குலம்தானே என்று நானும் நினைத்தேன். கணக்கைப் பாருங்கள். 1.6 இன்ஜினின் முறுக்குவிசை சுமார் 136 நியூட்டன் மீட்டர், முதல் கியரின் விகிதம் 3.136. கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 426. டர்போவுடன் இன்ஜின் 240 தந்தால் பினியனில் 750 ஆகிவிடும். அத்தனையையும் தாங்குவது அந்த நொடியில் கடித்திருக்கும் ஓரிரு பற்கள். தயாரித்தவர்களிடம் குறை இல்லை. அந்த இன்ஜினுக்கு அளந்து செய்த பாகத்தின்மேல் சுமையை ஏற்றியவன் நான்.

முதலாவது உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தயத்தின் தொடக்கக் கோட்டில். மென்மையான புது டயர்கள். தரையை நன்றாகப் பற்றின. கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். பின்சக்கரங்கள் மூன்று முறை துள்ளின, ஒரு வெடிச்சத்தம் கேட்டது, இன்ஜின் அலறியது, கார் நகரவில்லை. ஆயிலை வடித்தபோது ஒரு பல்லின் முனை தட்டில் விழுந்தது. உடைந்த முகம், உடைத்த கற்கண்டைப் போல மணிமணியாக இருந்தது. தேய்ந்து போன பல் அல்ல, ஒரே அடியில் ஒடிந்த பல். சக்கரம் துள்ளி மீண்டும் தரையைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பினியனில் விழுவது சம்மட்டி அடிதான்.

இரண்டாவதற்குக் காரணம் வேறு. இன்னொரு 6 அங்குலத்தையே வாங்கி, ஒரு பட்டறையில் பிரித்துப் பூட்டச் சொன்னேன். பினியனின் இரு பேரிங்குகளுக்கு இடையே நசுங்கும் உலோக வளையம் ஒன்று உண்டு. அது ஒருமுறை நசுங்கியதும் அதன் வேலை முடிந்தது. மறுபடி பூட்டும்போது புதிது போட்டே ஆக வேண்டும். அவர்கள் பழையதையே போட்டிருந்தார்கள். சில வாரங்களில் ஊளைச்சத்தம் தொடங்கியது. பேரிங்கின் இறுக்கம் போனால் பினியன் பின்வாங்குகிறது, பல்லின் நடுவில் விழ வேண்டிய சுமை விளிம்புக்குப் போகிறது. பிறகு நாள்களை எண்ண வேண்டியதுதான்.

ஆகவே நல்ல நிலையில் உள்ள 7 அங்குலம் கிடைத்தால் அதைத் திறக்காமல் அப்படியே பொருத்துங்கள். பற்களின் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்க வேண்டிய இடம் அது. தேவையின்றிக் கைவைக்கக் கூடாது. திறந்தே ஆக வேண்டுமென்றால், பல்லில் தடம் காட்டும் மஞ்சள் பசை தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுவதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே மூடச் சொல்லுங்கள்.

டிஃபரன்ஷியலோடு, பின்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் அதே 1.8 காரிலிருந்து எடுக்க வேண்டும், உங்களுடையவை சேராது. ஒரு பின்சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசையைக் கொடுக்கும் டார்சென் வகை டிஃபரன்ஷியல் எல்லா 1.8 கார்களிலும் இருக்காது. வாங்குமுன் ஒரு பக்கத்து ஷாஃப்டைக் கையால் சுழற்றுங்கள்: மறுபக்கமும் அதே திசையில் சுழன்றால் டார்சென், எதிர்த் திசையில் சுழன்றால் சாதாரணம். நான் இருக்கும் ஒன்டாரியோவில் சாலை உப்பால் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிடும். முந்தைய இரவே துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி வையுங்கள்.

டிஃபரன்ஷியலின் பல் விகிதம் பெரும்பாலும் 4.3-இலிருந்து 4.1-க்கு மாறும். அப்படி மாறினால், வேகமானி கியர்பாக்ஸிலிருந்து இயங்குவதால் அது 100 காட்டும்போது நீங்கள் 105-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

சஸ்பென்ஷனின் பழைய ரப்பர் புஷ்களையும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் இரண்டு ரப்பர்களையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். துள்ளல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. இறுக்கமான பாலியூரித்தேன் போட்டால் கியரின் முனகல் காருக்குள் கேட்கும். நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன், என் மனைவி நீண்ட பயணத்துக்கு வர மறுக்கிறார். ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம், ஒரு லிட்டர் போதும். முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே ஒருமுறை வடித்து, தட்டில் என்ன மின்னுகிறது என்று பாருங்கள்.