சுவரில் என்ன எழுதியிருந்தது?

உங்கள் வழிபாட்டிடத்தின் ஜன்னலை உடைத்து, சுவரில் பெயின்ட்டால் கிறுக்கியிருக்கிறார்கள். போலீஸ் வெறும் சொத்துச் சேதம் என்று வழக்குப் போட்டுவிட்டது, வெறுப்புக் குற்றமாகப் பதியச் சொல்லலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் புனிதமான இடம் என்பது மட்டும் போதாது, நோக்கம் தெரியவேண்டும். உண்டியலை உடைத்துக் காசை அள்ளிக்கொண்டு போனவன் திருடன், அவ்வளவுதான். ஒன்றையும் எடுக்காமல், கும்பிட வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி வாசலிலேயே மதத்தைத் திட்டி எழுதிவிட்டுப் போனவன் உங்கள் எல்லோரையும் மிரட்டியிருக்கிறான். அதற்குக் கூடுதல் தண்டனை நியாயம் என்பதே என் கட்சி.

இங்கிலாந்தில் சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. மத வெறுப்பு நிரூபணமானால் 14. இந்தியாவில் வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவு இருக்கிறது, 2 ஆண்டு வரை சிறை. அங்கேயும் மதத்தை அவமதிக்கும் எண்ணம் இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

(பிடிபட்டவன் பள்ளிக்கூடப் பையன் என்றால் நானே கொஞ்சம் யோசிப்பேன்.)

அவசரப்பட்டு வெள்ளையடித்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். இதற்குமுன் வந்த மிரட்டல் கடிதம், போன் அழைப்பு ஏதாவது இருந்தால் தேதியோடு எழுதிப் புகாருடன் இணைத்துக் கொடுங்கள்.