வெர்சாய் தோட்டத்துத் தவளைகள்

கேள்வி: பிரான்ஸ் போய் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த என் தங்கை, "எங்கே திரும்பினாலும் சிலைதான் அக்கா, ஒரு நீரூற்றில் முழுக்கத் தவளைகள்" என்கிறாள். இதெல்லாம் வெறும் அலங்காரமா, இல்லை ஏதாவது கணக்கு உண்டா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கணக்கு உண்டு. 1661-ல் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி இந்தத் தோட்ட வேலையைத் தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ரிடம் கொடுத்தார். அவர் மண்ணை வெட்டிச் சரித்து, அரண்மனையிலிருந்து மேற்கே படிப்படியாக இறங்கிப் போகிற ஒரே நேர்கோட்டில் தோட்டத்தை அமைக்க, அந்தக் கோட்டின் மேல்தான் முக்கியமான சிற்பங்கள் வந்தன.

தங்கை பார்த்தது லத்தோனா ஊற்று. லத்தோனா, சூரியக் கடவுள் அப்பல்லோவின் தாய். கைக்குழந்தைகளோடு தாகத்தில் வந்தவளைத் தண்ணீர் குடிக்க விடாமல் குளத்தைக் கலக்கிச் சேறாக்கிய குடியானவர்கள், அவள் சாபத்தால் தவளைகளாகிப் போனார்கள் என்று ரோமானியக் கவி ஓவிட் சொல்கிறார். அடுத்த முறை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், சிலருக்கு உடம்பு இன்னும் மனித உடம்பு, வாய் மட்டும் தவளை வாய். மாறிக்கொண்டிருக்கும் அந்த நொடியைச் செதுக்கியிருக்கிறார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அங்கிருந்து இறங்கினால் 335 மீட்டர் நீளப் புல்வெளி. அது முடிகிற இடத்துக் குளத்தில் அப்பல்லோ தேரோடு தண்ணீரிலிருந்து எழுந்து அரண்மனையை நோக்கி வருகிறார். லூயி தன்னைச் சூரியனாகவே காட்டிக்கொண்ட ராஜா, அதனால்தான் இந்த ஏற்பாடு. முதலில் லத்தோனா அரண்மனையைப் பார்த்துத்தான் நின்றாள். 1680-களின் கடைசியில் கட்டடக் கலைஞர் ஹார்டுவான்-மான்சார் ஊற்றை அடுக்கடுக்காக உயர்த்தி அவளை மேற்கே திருப்பி வைத்தார். இப்போது மேலே நிற்கும் தாய் கீழே வரும் மகனைப் பார்க்கிறாள், நடுவில் அந்தப் பச்சை வெளி.

தண்ணீர்தான் பெரும் பாடு. சேன் நதியிலிருந்து ஏற்ற 14 சக்கரங்களோடு மார்லியில் இயந்திரம் வைத்தும் போதவில்லை. அதனால் ராஜா நெருங்குவதை ஊழியர்கள் விசிலடித்துச் சொல்லச் சொல்ல, அந்தந்த ஊற்றை மட்டும் திறந்துவிட்டார்கள்.

அப்புறம், தோட்டத்தை எந்த வழியில் சுற்ற வேண்டும் என்று லூயியே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் படிகளின் மேலேயே நின்று முழுத் தோட்டத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம், இறங்குவதெல்லாம் அதற்கப்புறம்தான்.