பாலன் எங்க போனாரு? (வாசகர் கேள்வி, அக்கா பதில்)

கேள்வி: அக்கா, நான் வேலைக்குப் போறவ, ரெண்டு பசங்க. வருஷா வருஷம் டிசம்பர் 24 ராத்திரி வரைக்கும் ஓடி ஓடி, நடுராத்திரி பூசையில நான் கண்ண மூடினா எல்லாரும் ஜெபம்னு நினைக்கிறாங்க, நான் தூங்கிட்டு இருக்கேன். கிறிஸ்துமஸ் வந்த ஃபீலே இல்ல. இந்த தடவையாவது ஒழுங்கா பிளான் பண்ண வழி சொல்லுங்க.

உங்க பக்கத்து பெஞ்சுல தூங்கிட்டு இருந்தது நான்தான்மா.

ஒரு வருஷம் 23ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்குத்தான் எங்க வீட்டு குடில், அதான் இயேசு பொறந்த மாட்டுத் தொழுவம் செட், அந்தப் பொட்டிய இறக்கினேன். சீரியல் செட் எல்லாம் ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு பறவைக் கூடு மாதிரி வந்துச்சு, அத பிரிச்சு சொருகினா எரியல. அந்த பழைய மாடல்ல ஒரு பல்பு போனா வரிசையே போச்சு, எந்த பல்புன்னு ஒவ்வொன்னா திருகிப் பாக்கணும். சரி விடுன்னு சுரூபங்கள எடுத்து அடுக்கினா மாதா இருக்காங்க, சூசையப்பர் இருக்கார், மூணு ராஜாவும் ஒட்டகத்தோட இருக்காங்க, பாலன, அதான் குழந்தை இயேசுவ மட்டும் காணோம். ஏன்னா அவரை 24 ராத்திரிதான வைப்போம், அதனால "பத்திரமா இருக்கட்டும்"னு பஞ்சுல சுத்தி தனியா வச்சிருக்கேன், எங்க வச்சேன்னு மட்டும் ஞாபகம் இல்ல. மறுநாள் சாயங்காலம் தையல் மெஷின் டிராயர்ல நூல்கண்டுக்கு நடுவுல படுத்திருந்தார். அந்த ஒரு நாள் முழுக்க வீட்ல யாருகிட்டயும் நான் சிரிச்சுப் பேசல, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது, பாலன் கிடைக்காதது கூட இல்ல.

அதுக்கப்புறம் நான் பழகிக்கிட்டத சொல்றேன். லிஸ்ட் எல்லாரும்தான் போடுறோம், ஆனா "என்ன வேலை"ன்னு போடுறோமே தவிர "இத எவ்வளவு முன்னாடி முடிக்கலாம்"னு போடுறதில்ல. கிஃப்ட் வாங்குறது, சீரியல் செட் எரியுதான்னு பாக்குறது, பரண் சுத்தம் பண்றது, ஊருக்கு டிக்கெட் போடுறது, இதெல்லாம் நவம்பர்லயே செஞ்சாலும் கெட்டுப் போகாது. சமையல், வீடு துடைக்கிறது, பூ வைக்கிறது மட்டும்தான் கடைசி ரெண்டு நாளுக்கு உரியது. நம்ம என்ன பண்றோம்னா கெட்டுப்போகாத வேலைய எல்லாம் கொண்டுபோய் அந்த ரெண்டு நாள்ல திணிக்கிறோம், அப்புறம் டயர்டா இருக்குன்னு அழுறோம்.

இன்னொன்னு, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கிற திருவருகைக் காலம் ஆரம்பிச்சதும் வேலைய ஆரம்பிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, அது வருஷத்துக்கு வருஷம் மாறும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலாவது ஞாயிறு எதுவோ அன்னைக்குத்தான் ஆரம்பம். 2022ல நவம்பர் 27லயே வந்துட்டதால 28 நாள் கிடைச்சுது, 2023ல டிசம்பர் 3ல ஆரம்பிச்சு 22 நாள்தான், நாலாவது ஞாயிறே டிசம்பர் 24ல வந்து நின்னுச்சு. ஒரு வாரம் அப்படியே காணாமப் போன மாதிரி இருந்துச்சு எனக்கு.

கிஃப்ட் விஷயத்துல ஒன்னே ஒன்னு: வாங்குன அன்னைக்கே பேப்பர் சுத்தி பேர் எழுதிடுங்க, ஒளிச்சு வச்ச இடத்த ஃபோன்ல நோட் பண்ணிக்கோங்க. மார்ச் மாசம் பீரோல இருந்து கிஃப்ட் கண்டுபிடிச்ச அனுபவம் உங்களுக்கும் இருக்கும்னு நம்புறேன்.

அப்புறம் லிஸ்ட்ட எடுத்து ரெண்டு ஐட்டத்த அடிச்சிடுங்க. எத வேணாலும் அடிங்க, நீங்க செய்யலன்னா யாருமே கேக்க மாட்டாங்கன்னு தோணுறது எதுவோ அத. நான் ஜன்னல் திரை எல்லாம் துவைக்கிறத அடிச்சேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. மிச்சமான அந்த நேரத்துல பசங்களோட உக்காந்து ஒரு கேரல் பாட்டாவது பாடுங்க, நீங்க தேடுற அந்த ஃபீல் அப்பதான் வரும்.

கேள்வி: என் பையன் டிசம்பர் பொறந்ததுல இருந்து "இன்னும் எத்தன நாள், இன்னும் எத்தன நாள்"னு தினமும் உயிர வாங்குறான்.

இதே தொல்லை 1839லயே ஒருத்தருக்கு இருந்துச்சு. ஜெர்மனியில ஹாம்பர்க்ல யோஹான் ஹின்ரிச் விச்செர்ன்னு ஒரு இறையியலாளர், ஏழைப் பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்திட்டு இருந்தார். பசங்க தினமும் கிறிஸ்துமஸ் வந்துடுச்சா வந்துடுச்சான்னு கேட்டு அரிச்சதுல, ஒரு வண்டிச் சக்கரத்த எடுத்து அதுல மெழுகுவர்த்தி நட்டுட்டார். வார நாளைக்கு சின்ன சிவப்பு 20, ஞாயித்துக்கிழமைக்கு பெரிய வெள்ளை 4, தினம் ஒன்னு ஏத்திக்கிட்டே வரணும். இன்னைக்கு கோவில்ல பாக்குற நாலு மெழுகுவர்த்தி வளையம் அதுல இருந்து வந்ததுதான்.

வீட்டுக்குள்ள 24 மெழுகுவர்த்தி எல்லாம் வேணாம், பையன் இருக்க வீடு. 24 சின்ன கவர் எடுத்து நம்பர் போட்டு, ஒவ்வொன்னுலயும் ஒரு குட்டி வேலை எழுதிப் போடுங்க. "இன்னைக்கு தாத்தாவுக்கு போன் பண்ணு", "குடிலுக்கு ஆட்டுக்குட்டிய தொடச்சு வை", இந்த மாதிரி. அவனுக்கு விளையாட்டு, உங்களுக்கு வேலையும் கொறையும். எல்லா கவர்லயும் சாக்லேட் போட்டீங்கன்னா மூணாவது நாளே 24ஐயும் பிரிச்சிடுவான், சொல்லிட்டேன்.

கேள்வி: மேடம், நான் ஒரு கணவன். "என்ன ஹெல்ப் பண்ணட்டும்"னு கேட்டா என் மனைவி இன்னும் கோவப்படுறாங்க. என்ன தப்பு செஞ்சேன்?

கேட்டதுதான் தப்பு சார். நீங்க கேக்குறப்ப அவங்க யோசிக்கணும், பிரிச்சு சொல்லணும், நீங்க செஞ்சீங்களான்னு பாக்கணும், அது மூணு வேலை. அதுக்கு பதிலா ஒரு வேலைய மொத்தமா தூக்கிக்கோங்க. ஸ்டாரும் லைட்டும் உங்க டிபார்ட்மென்ட்னு சொல்லிட்டீங்கன்னா பரண்ல இருந்து இறக்குறது, வயர் எங்கயாவது பிஞ்சிருக்கான்னு பாக்குறது, தொங்கவிடுறது, திரும்ப மடிச்சு வைக்கிறது வரைக்கும் நீங்க. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ சொருகாதீங்க, சூடாயி தீப்பிடிக்கும். தூங்கப் போறப்ப எல்லாத்தையும் ஆஃப் பண்றதும் உங்க வேலைதான்.

கேள்வி: ஒரே ரூம் வீடு அக்கா, குடில் வைக்க இடமே இல்ல. எல்லார் வீட்லயும் மலை, அருவின்னு வைக்கிறாங்க, பசங்க ஏங்குறாங்க.

1223ல இத்தாலியில கிரெச்சோங்கற ஊர்ல புனித பிரான்சிஸ் அசிசியார் வச்ச குடில்ல என்னென்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. மலையும் இல்ல, அருவியும் இல்ல. அதுக்கே அவர் பதினஞ்சு நாளுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரர் ஒருத்தர கூப்பிட்டு ஏற்பாடு பண்ணச் சொல்லி வச்சாராம், அதையும் கவனிங்க.

செருப்பு டப்பா ஒன்ன படுக்க வச்சு உள்ள கொஞ்சம் வைக்கோலோ கிழிச்ச காகிதமோ போடுங்க. ஃபிரிட்ஜ் மேல வச்சுக்கலாம். பசங்களையே செய்ய விடுங்க, கோணலா இருந்தா திருத்தாதீங்க.

கேள்வி: அப்பா இறந்து இது முதல் கிறிஸ்துமஸ். எல்லாரும் "பசங்களுக்காகவாவது கொண்டாடு"ங்கறாங்க. எனக்கு ஸ்டார் எடுக்கவே கை வரல.

எடுக்காதீங்கம்மா. இந்த வாரம் எடுக்க வேண்டாம்.

திருவருகைக் காலமே கொண்டாட்டக் காலம் இல்ல. சாமியார் ஊதா உடுப்புலதான் பூசை வைக்கிறார், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல போடுற அதே கலர், ஞாயிறு பூசையில வழக்கமா சந்தோஷமா பாடுற வானவர் கீதம்கூட பாடுறதில்ல. காத்திருக்கிற நாள் அது. நீங்களும் அப்படியே இருங்க, அதுல ஒன்னும் குறை இல்ல. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட "இந்த வருஷம் சிம்பிளாதான்"னு முன்னாடியே சொல்லிடுங்க, அன்னைக்கு வந்து கேள்வி கேட்டா தாங்காது. பசங்க கேட்டா அவங்களையே ஸ்டார் கட்டச் சொல்லுங்க, தாத்தா எந்த ஆணியில கட்டுவார்னு காட்டிக் குடுங்க. அழுகை வந்தா அவங்க முன்னாடியே அழுங்க.

கேள்வி: டிசம்பர் 26லயே குடில கலைக்கலாமா? மாமியார் திட்டுறாங்க.

மாமியார் சொல்றதுதான் சரி. மூணு ராஜாக்கள் திருவிழா ஜனவரி 6, அதுக்குள்ள கலைச்சிட்டா அவங்க வந்து யாரப் பாக்குறது? கலைக்கிறப்ப சீரியல் செட்ட ஒரு அட்டையில சுத்தி வைங்க, எரியாதத அப்பவே தூக்கிப் போடுங்க, எது தீர்ந்துச்சு, எது வாங்கணும்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி பொட்டிக்குள்ளயே போட்டுடுங்க.

எங்க வீட்டுல பொட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. "பாலன் இந்தப் பொட்டியிலயேதான் இருக்கார், மாட்டுக்குக் கீழ, பஞ்சுல"ன்னு என் பொண்ணு கையெழுத்துல.