மெயில் கணக்குகளை நிர்வகிக்க ஒரு வலைப்பக்கம்: அதற்கு எவ்வளவு அதிகாரம் தரலாம்?

கேள்வி: கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அவற்றைப் பெட்டிகளிலிருந்து படிக்கத் தரும் டவ்காட் இரண்டையும் வைத்துச் சில டொமைன்களுக்கு மெயில் சர்வர் நடத்துகிறேன். புதுக் கணக்கு, பாஸ்வேர்ட் மாற்றம் என்று எது வந்தாலும் நான்தான் சர்வரில் நுழைந்து கோப்புகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு டொமைனின் பொறுப்பாளரும் பிரவுசரிலேயே இதைச் செய்துகொள்ள பிஎச்பியில் ஒரு பக்கம் எழுதலாம் என்றிருக்கிறேன். அது சூடோ (நிர்வாகியின் அதிகாரத்தில் கட்டளைகளை இயக்கும் யூனிக்ஸ் வசதி) மூலம் சர்வர் கட்டளைகளை இயக்கினால் சரியாக இருக்குமா?

பதில்: பக்கத்தை எழுதுங்கள், சூடோவை மட்டும் விட்டுவிடுங்கள். சர்வரில் வெளியாட்கள் எளிதாகத் தொடக்கூடிய இடம் வலைப்பக்கம்தான். அதன் படிவத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் போதும், சூடோ வழியாக அது சர்வர் முழுவதற்குமான ஓட்டையாகிவிடும். அங்கே இருப்பது மற்றவர்களின் கடிதங்கள். அதனால், உங்கள் பக்கம் முழுதாக அடுத்தவர் கைக்குப் போனாலும் ஒரு கடிதத்தைக்கூட நேரடியாகத் திறக்க முடியாதபடி அமைப்பதை முதல் இலக்காக வையுங்கள்.

இதற்கு வழி இருக்கிறது. கணக்குகளைக் கோப்புகளிலிருந்து எடுத்து டேட்டாபேஸில் வையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் நேரடியாகப் படிக்கும். டொமைன், மெயில்பாக்ஸ், அலையஸ் (ஒரு முகவரிக்கு வருவதை இன்னொரு முகவரிக்குத் திருப்பும் வரி) என்று மூன்று டேபிள்கள் இருந்தால் வேலை ஓடும். பக்கம் அந்த டேபிள்களில் எழுதும், மெயில் சர்வர் அவற்றைப் படிக்கும், அவ்வளவுதான். கணக்கு சேர்த்ததும் எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஒவ்வொருவருக்கும் யூனிக்ஸ் பயனர் உருவாக்க வேண்டாம். வழக்கமாக விமெயில் என்று பெயரிடும் ஒரே பயனரின் கீழ் எல்லாப் பெட்டிகளும் இருக்கலாம். கடிதங்களை டவ்காட்டின் எல்எம்டிபி (கடிதங்களை வாங்கிப் பெட்டியில் போடும் பகுதி) வழியாகக் கொடுத்தால், முதல் கடிதம் வரும்போது அவற்றை வைக்கும் மெயில்டிர் கோப்புறையை அதுவே உருவாக்கிக்கொள்ளும். சூடோ தேவை என்று நீங்கள் நினைத்த வேலைகளில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

டேட்டாபேஸில் இரண்டு தனித்தனிப் பயனர்களை வையுங்கள். மெயில் சர்வருக்குப் படிக்கும் உரிமை மட்டும். வலைப்பக்கத்துக்குப் படிக்க, சேர்க்க, மாற்ற உரிமை உண்டு, அழிக்கும் உரிமை கிடையாது. டேட்டாபேஸ் நின்றுபோனால் கடிதங்கள் தொலைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அப்போது போஸ்ட்ஃபிக்ஸ் தற்காலிகப் பிழை என்றுதான் பதில் சொல்லும். அனுப்பிய சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். அனுப்பும் பக்கமும் போஸ்ட்ஃபிக்ஸாக இருந்தால், இயல்பான அமைப்பில் 5 நாட்கள் வரை காத்திருக்கும்.

அலையஸ் விஷயத்தில் பலரையும் குழப்பும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் மெயில்பாக்ஸைத் தேடுவதற்கு முன்பே அலையஸ் டேபிளைப் பார்த்துவிடும். யாராவது தன் டொமைனுக்கு ஒரு கேட்ச்-ஆல் (டொமைனின் எந்த முகவரிக்கு வந்தாலும் ஒரே இடத்துக்குத் திருப்பும் அலையஸ்) போட்டால், அதே டொமைனில் ஒழுங்காக இருக்கும் பெட்டிகளுக்கான கடிதங்களும் கேட்ச்-ஆல் முகவரிக்கே போய்ச் சேரும். ஒவ்வொரு மெயில்பாக்ஸை உருவாக்கும்போதும், அந்த முகவரி தன்னையே சுட்டும் ஒரு அலையஸ் வரியையும் உங்கள் பக்கமே சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

பாஸ்வேர்டை ஹாஷ் செய்து (மூலத்தைத் திரும்பப் பெற முடியாத வடிவமாக மாற்றி) மட்டுமே வையுங்கள். இதற்கும் சர்வர் கட்டளை தேவையில்லை. பிஎச்பியிலேயே உள்ள பாஸ்வேர்ட்-ஹாஷ் செயற்கூறு தரும் பிகிரிப்ட் ஹாஷின் முன்னால் எந்த முறை என்ற குறியைச் சுருள் அடைப்புக்குறிக்குள் சேர்த்தால், டவ்காட் அதை அப்படியே ஏற்கும். அந்தக் குறி இருப்பதால் பழைய ஹாஷ்களும் புதியவையும் ஒரே டேபிளில் கலந்து இருக்கலாம். பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் எதையும் கணக்கில் எடுக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்து, படிவத்தில் நீள வரம்பு கொடுங்கள்.

முகவரியின் முன்பகுதியாக யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விடாதீர்கள். சிறிய ஆங்கில எழுத்து, எண், புள்ளி, இடைக்கோடு போதும். மின்னஞ்சல் நெறி அனுமதிக்கும் உச்ச நீளம் 64 எழுத்து. சாய்கோட்டை (/) அனுமதித்தால், பெயர் கோப்புறைப் பாதையாக மாறும் இடத்தில் ஒருவர் இன்னொருவரின் பெட்டிக்குள் போகும் வழி பிறக்கலாம். எஸ்க்யூஎல்லை, அதாவது டேட்டாபேஸ் வினவல்களை, எப்போதும் ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்டாகவே (பயனர் தரும் மதிப்புகளை வினவலிலிருந்து பிரித்து அனுப்பும் முறை) எழுதுங்கள்.

சில பெயர்களை யாருக்கும் தரவே கூடாது. அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், வெப்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர் என்ற ஐந்து முகவரிகளுக்கு அஞ்சல் அனுப்பி, டொமைன் உரிமையைச் சரிபார்த்து, தளத்தின் அடையாளத்தை பிரவுசருக்கு உறுதிசெய்யும் டிஎல்எஸ் சான்றிதழ் வழங்கும் முறை பல காலமாகப் புழக்கத்தில் இருந்தது. 2015இல் ஃபின்லாந்தில் ஒருவர், மைக்ரோசாஃப்டின் லைவ் டாட் எஃப்ஐ டொமைனில் ஹோஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் சாதாரணப் பயனராகவே கணக்கு தொடங்கி, அந்த டொமைனுக்கான சான்றிதழையே வாங்கிவிட்டார். அந்தச் சான்றிதழ் பிறகு ரத்து செய்யப்பட்டது. அபியூஸ் போன்ற பெயர்களும் ஆர்எஃப்சி 2142 என்ற இணைய நெறி ஆவணத்தில் பொதுப் பணிக்கென்று ஒதுக்கப்பட்டவை. இப்படியான பெயர்களின் பட்டியலைப் பக்கத்திலேயே தடுத்து வையுங்கள்.

பொறுப்பாளர்கள் பலர் என்பதால், எந்த டொமைனில் வேலை செய்கிறோம் என்பதைப் படிவத்திலிருந்து எடுக்காதீர்கள். உள்நுழைந்தவரின் செஷனை (அவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பு) பார்த்து, அவருக்கு உரிய டொமைன் எது என்பதை சர்வர் பக்கமே முடிவு செய்யட்டும். படிக்கும் வினவல், மாற்றும் வினவல் எல்லாவற்றிலும் அந்த நிபந்தனை இருக்க வேண்டும். படிவத்தில் மறைத்து வைத்த எண்ணை யாரும் மாற்றி அனுப்பலாம். சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (படிவம் உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அவசியம். யார், எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து, எதை மாற்றினார் என்பதற்கு ஒரு பதிவு டேபிளும் வேண்டும். அதில் சேர்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். வெளி முகவரிக்குத் திருப்பிவிடும் அலையஸ் சேர்க்கப்பட்டால் உங்களுக்குத் தகவல் வரும்படி செய்யுங்கள். களவாடிய கணக்கில் நுழைபவர்கள் சத்தமில்லாமல் செய்யும் காரியம் அது.

இனி நீக்கம். கணக்கு உருவாக்குவது எளிது. அதை முடித்துவைப்பதில்தான் அதிக யோசனை தேவைப்படுகிறது, இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நீங்கள் படப்போகும் பாடும் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், பொறுப்பாளர் 'நீக்கு' பட்டனை அழுத்துகிறார். டேபிள் வரி அழிந்தாலும் டிஸ்கில் அவர் கடிதங்கள் கிடக்கும். கொஞ்ச காலம் கழித்து அதே பெயரில் இன்னொருவருக்குக் கணக்கு கொடுத்தால், பழையவரின் கடிதங்கள் அத்தனையும் புதியவருக்குத் தெரியும். டிஸ்கைத் துடைத்துவிட்டாலும் பிரச்சினை முழுதாகத் தீராது. பழையவர் வேறு தளங்களில் அந்த முகவரியைத் தந்திருந்தால், அங்கே பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கேட்டாலே மீட்பு அஞ்சல் புதியவர் கைக்கு வந்து சேரும்.

எனவே 'நீக்கு' என்பதை வெறும் நிலை மாற்றமாக வையுங்கள். செயலில், முடக்கம், நீக்கக் காத்திருப்பு, நீக்கியாயிற்று என்று நாலு நிலைகள் போதும். வரியை ஒருபோதும் அழிக்க வேண்டாம். அப்போதுதான் அதே முகவரியை இன்னொருவருக்குத் தெரியாமல் கொடுக்கும் நிலை வராது. டிஸ்கைத் துடைக்கும் வேலையை, விமெயில் உரிமையில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் வசதி) மூலம் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டிடம் விடுங்கள். காத்திருப்பு நாட்கள் கடந்த வரிகளை அது டேபிளில் படித்து முடிக்கும். வலைப்பக்கத்துக்கும் கோப்புகளுக்கும் இடையே நேரடித் தொடர்பே இருக்காது.

முடக்கத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். டேபிளில் நிலையை மாற்றியதும் புதிய உள்நுழைவு நிற்கும், ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் ஐமேப் (கடிதம் படிக்கும் செயலி சர்வரோடு பேசும் நெறி) இணைப்பு அப்படியே தொடரும். ஒரு செல்பேசி மணிக்கணக்கில் இணைப்பிலேயே இருக்கக்கூடும். அதைத் துண்டிக்க டவ்காட்டில் கிக் என்ற கட்டளை உண்டு. கிரானில் ஒரு ஸ்கிரிப்டை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு, புதிதாக முடக்கப்பட்டவர்களுக்கு அதை இயக்கச் சொல்லுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினைக் கட்டாயம் பாருங்கள். பிஎச்பியில் எழுதப்பட்ட திறமூலக் கருவி, உங்கள் தேவையில் பெரும்பகுதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. சொந்தமாகத்தான் எழுதுவேன் என்றாலும் அதன் டேபிள் அமைப்பைப் பின்பற்றுங்கள், பிறகு அந்தக் கருவிக்கு மாறுவது சுலபம். அப்புறம், ஒரு சோதனை டொமைனை முதலில் டேட்டாபேஸுக்கு மாற்றி, போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்மேப் கட்டளையின் வினவல் வசதியால் ஒவ்வொரு முகவரியும் எங்கே போகிறது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த டொமைன் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு மற்ற டொமைன்களை ஒவ்வொன்றாக மாற்றலாம்.