ஐ.சி. நம்பரை ஏன் இவ்வளவு பேர் கேட்கிறார்கள்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொழில்நுட்பம், ஏஐ, அந்தரங்கம் பற்றிய உங்கள் கேள்விகளைக் கேட்டிருந்தோம். கொழும்பிலிருந்துதான் அதிகம் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பலர் "நான் கவனமாக இருந்திருக்க வேண்டுமோ?" என்று முடித்திருந்தார்கள். கவனம் நல்லதுதான். ஆனால் உங்கள் தரவைக் கேட்காமல் எடுத்தவரும் கருவியைச் சோதிக்காமல் சந்தையில் விட்டவரும் இருக்கும்போது, கேள்வியை முதலில் உங்களையே பார்த்துக் கேட்க வேண்டியதில்லை.

தங்கை வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். போகும்போதெல்லாம் செக்யூரிட்டி கொப்பியில் பெயர், ஐ.சி. நம்பர், போன் நம்பர் எழுத வேண்டும். இப்போது ஐ.சி.யைப் போனில் படமும் எடுக்கிறார்கள். "எடுத்தால் எடுக்கட்டும், என்ன வந்துவிடப் போகிறது" என்கிறார் கணவர். – பாமன்கடை வாசகி

கணவரிடம் இதைக் காட்டுங்கள். புதிய 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். 1990 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணின் எண் 1990032 என்று தொடங்கும், பெண்ணின் எண் 1990532 என்று தொடங்கும். பழைய 9 இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கம். ஆக, அந்தக் கொப்பியில் நீங்கள் வெறும் நம்பரை எழுதவில்லை. பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறீர்கள். பக்கத்திலேயே பெயர், போன் நம்பர், யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பது வேறு.

அடுத்து வருபவர் கையெழுத்துப் போடக் குனியும்போது அந்தப் பக்கம் முழுவதும் திறந்தே கிடக்கிறது. ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு உங்களுக்கு ஒரு அழைப்பு வரும்: "மெடம், வங்கியிலிருந்து பேசுகிறோம், பிறந்த திகதி இதுதானே?" சரியாகச் சொல்கிறானே என்று நம்பிவிடுவோம். அடுத்து ஓ.டி.பி.யைக் கேட்பான்.

செக்யூரிட்டி அண்ணையோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் சொன்னதைச் செய்பவர். தங்கையை நிர்வாகக் குழுவில் கேட்கச் சொல்லுங்கள்: வருபவரின் பெயரும் போகும் வீட்டு இலக்கமும் போதாதா, வீட்டுக்காரரை இன்டர்கொமில் கேட்டால் போதாதா, பழைய கொப்பிகளை யார் வைத்திருக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் இதையேதான்: சொன்ன தேவைக்கு மட்டும் எடு, தேவைக்கு மேல் எடுக்காதே, தேவை முடிந்தால் வைத்திருக்காதே. சட்டம் நிறைவேறியது, ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தபோது அதை ஒத்திவைத்தார்கள். எடுப்பவர்களுக்கு அவகாசம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது, கொடுப்பவர்களுக்கு அல்ல.

இன்னொன்று. கொமியூனிகேஷன் கடையில் ஐ.சி.யைப் பிரதி எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் அல்லவா, அப்போது அவர்களுடைய கணினித் திரையைக் கொஞ்சம் பாருங்கள். உங்களுக்கு முன் வந்தவர்களின் ஐ.சி., பாஸ்போர்ட், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் வரிசையாக நிற்கும். வேலை முடிந்ததும் உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். சொன்னால் செய்கிறார்கள். பிரதியைக் கொடுக்கும்போதும் அதன் குறுக்கே எதற்காக என்பதையும் திகதியையும் எழுதிவிடுங்கள்.

மகளுக்கு 17 வயது. அவளுடைய இன்ஸ்டகிராம் படத்தை எடுத்து ஏஐயால் ஆடையில்லாத படமாக்கி அவளுக்கே அனுப்பியிருக்கிறார்கள். ரியூஷன் வகுப்புப் பையன் என்று சந்தேகம். பொலிஸுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்கிறார் அவளது அப்பா. – ஒரு தாய், கொழும்பு 6

முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன், ஏனென்றால் பதற்றத்தில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். "இதைப் பாருங்கள், என்ன செய்யலாம்?" என்று அந்தப் படத்தை அண்ணன், சித்தப்பா, ரியூஷன் சேர் என்று யாருக்கும் அனுப்ப வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286ஏ பிரிவின்படி குற்றம். பொய்ப் படம் என்று நினைத்து இதில் அலட்சியமாக இருக்காதீர்கள். அனுப்பியவரின் கணக்குப் பெயர், இணைப்பு, திகதி, நேரம், மிரட்டிய சொற்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். உரையாடலை அழிக்க வேண்டாம். பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள்.

பிறகு 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை. காணாமற்போன, துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கான அமெரிக்கத் தேசிய நிலையம் நடத்துவது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கணக்கிட்ட ஒரு நீண்ட குறியெண் மட்டும் போகும். சேர்ந்துள்ள தளங்களில் அதே படம் ஏறினால் அந்த எண்ணை வைத்துப் பிடித்துவிடுவார்கள். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் இதில் இருக்கின்றன. 18 வயதைக் கடந்தவர்களுக்கு 'ஸ்டொப் என்சிஐஐ' என்று தனியாக உண்டு. இரண்டுமே தனிப்பட்ட வாட்ஸ்அப் குழுவுக்குள் சுற்றும் படத்தை நிறுத்தாது. அதற்குப் பொலிஸ்தான்.

சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929ஐ அழையுங்கள். இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் அரச அமைப்பு இலங்கை சேர்ட் (CERT), பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது, எண் 101. போலிக் கணக்கை முடக்க உதவுவார்கள். பொலிஸில் தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கொழும்பிலும்தான். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் மகள் கையொப்பமிடக் கூடாது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. அந்தப் படத்தில் இருப்பது உங்கள் மகளின் உடம்பே அல்ல. அவள் போட்டது முகம் தெரியும் சாதாரணப் படம். அதைப் போட்டதற்காக அவளது போனைப் பறித்தால், அடுத்த முறை மிரட்டல் வரும்போது அவள் உங்களிடம் வரமாட்டாள். மிரட்டுபவன் நம்பியிருப்பதும் அதைத்தான்.

அந்தப் பையன் குற்றவாளி என்றால் தண்டனை கிடைக்கட்டும். ஆனால் 17 வயதுப் பையனின் கையில் இந்தச் செயலி எப்படி வந்தது? அவன் தேடிப் போயிருக்கவே வேண்டியதில்லை, விளம்பரமாகவே வந்திருக்கும். 2025 ஜூனில், பேஸ்புக்கையும் இன்ஸ்டகிராமையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனம் இப்படியொரு செயலியை நடத்திய ஹொங்கொங் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. எதற்காக என்கிறீர்கள்? அந்தச் செயலியின் விளம்பரங்கள் தடையை மீறி மெட்டாவின் சொந்தத் தளங்களிலேயே ஓடிக்கொண்டிருந்ததற்காக.

கூட வேலை செய்யும் பிள்ளை ஒன்று போனில் லோன் எடுத்திருக்கிறது. கட்டவில்லையாம். இப்போது எனக்கு அழைத்துத் திட்டுகிறார்கள். நான் பிணை நிற்கவே இல்லை. – கொட்டாஞ்சேனை

பிணைக் கையெழுத்து போடாதவருக்குக் கடனில் எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரு சதமும் கட்டாதீர்கள். செயலியை நிறுவும்போது அந்தப் பிள்ளை 'தொடர்புகளைப் பார்க்க அனுமதி' என்பதை அழுத்தியிருக்கும். அந்த நொடியில் உங்கள் நம்பரும் போய்விட்டது. உங்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது செயலியை அழித்தாலும் போன நம்பர்கள் திரும்பி வராது.

கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக் கூடாது என்று கூகுள் பிளே 2023 மே முடிவிலிருந்து தடை போட்டிருக்கிறது. அதனால்தான் இப்போது சிலர் இணைப்பை அனுப்பி, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னாலே விட்டுவிட வேண்டும். அழைப்புகளைப் பதிவு செய்து வையுங்கள். மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு 1935. மிரட்டலுக்குப் பொலிஸ். அந்தப் பிள்ளையோடு கோபிக்க வேண்டாம், அவளுக்கும் இதே அழைப்புகள் உங்களைவிடப் பத்து மடங்கு வந்துகொண்டிருக்கும்.

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். முகத்தை அடையாளம் காணும் கேமரா போடச் சொல்லி ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். கள்ளர்களின் படத்தைப் பேஸ்புக்கில் போடலாம் என்கிறார். – வியாபாரி

சாதாரண சிசிடிவி போதும். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் பல முக அடையாள மென்பொருள்களைச் சோதித்தது. அவற்றில் பல, ஆசிய, ஆபிரிக்க–அமெரிக்க முகங்களில் ஒருவரை இன்னொருவராகத் தவறாகப் பொருத்துவது வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகமாக இருந்தது. விற்க வந்தவரிடம் கேளுங்கள்: நம் ஊர் முகங்களில் இதைச் சோதித்தீர்களா, தவறினால் யார் பொறுப்பு?

பேஸ்புக்கில் போடும் யோசனை அதைவிட மோசம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பொலிஸ் வெளியிட்ட சந்தேக நபர் படங்களில் ஒன்று, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மாணவியின் படம். பொலிஸ் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், சேலை மடிப்பைத் தவறாகப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணைக் கள்ளி என்று நீங்கள் போட்ட படத்தை எப்படித் திருப்பி எடுப்பீர்கள்?

ரியூஷன் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை சாட்ஜிபிடியில் போட்டு அறிக்கை எழுதச் சொல்கிறேன். தப்பா? – ஆசிரியை, தெஹிவளை

பெயர்களை எடுத்துவிட்டுப் போடுங்கள்; மாணவர் 1, மாணவர் 2 போதும். யார் எந்த மருந்து எடுக்கிறார், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பதை எழுதவே வேண்டாம். உரையாடலின் 'பகிர்' இணைப்பையும் கவனியுங்கள். அப்படிப் பகிர்ந்தவற்றில் தேடலில் தெரியச் சம்மதம் கொடுத்தவை கூகுளில் வரத் தொடங்கி, 2025 ஜூலை முடிவில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ அந்த வசதியையே எடுத்துவிட்டது. சம்மதம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அது என்னவென்று வாசித்தார்களோ.

பெரியமாமா குடும்பக் குழுவில் எந்த வதந்தி வந்தாலும் பகிர்ந்துவிடுகிறார். சொன்னால் கோபம் வருகிறது. – மருமகள், பம்பலப்பிட்டி

குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம். பெரியவர் அவமானப்பட்டால் அதே வீடியோவை இன்னும் நான்கு குழுக்களில் போடுவார். தனியாக அழைத்து, சாப்பாடு, சீனி வருத்தம் எல்லாம் விசாரித்துவிட்டு, அம்பாறைக் கதையைச் சொல்லுங்கள்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குள் ஏதோ கட்டி இருக்கிறது, மலடாக்கும் மாத்திரை என்று சாப்பிட வந்தவர் சண்டை பிடித்தார். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. சூழ்ந்து நின்றவர்கள் அதட்டிக் கேட்க, அவர் தலையாட்டியதை, ஒப்புக்கொண்டார் என்று வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று வந்தது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதம் கண்டிக்குப் பக்கத்தில், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகன எரிந்தது. அவசரகாலச் சட்டம் வந்தது, பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசு முடக்கியது. அந்த நாட்களில் சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றி இங்குள்ளவர்கள் முறையிட்டும் பேஸ்புக் சரியாகக் கவனிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

மாமாவிடம் கடைசிப் பகுதியைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. தலையாட்டிய அந்த மனிதனுக்குத் தமிழில் யாராவது கேள்வியைக் கேட்டிருந்தால் என்று மட்டும் சொல்லுங்கள். மாமாவுக்குப் புரியும்.

டிஜிட்டல் அடையாள அட்டைக்கு விரல் ரேகை கொடுக்கலாமா? – கிராண்ட்பாஸ்

கட்டாயமாகும்போது கொடுக்கத்தான் வேண்டி வரும். வசதியும் இருக்கிறது. என் தயக்கம் வேறு இடத்தில். 2023 ஆகஸ்டில் அரச நிறுவனங்களின் தரவை வைத்திருக்கும் லங்கா அரசாங்க கிளவுட் மீது, தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. அரசு மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் போய்விட்டன, அந்தக் காலத்துக்கான காப்புப் பிரதி இல்லை. மின்னஞ்சல் போனால் மறுபடி அனுப்பலாம், கடவுச்சொல் போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. தரவை எங்கே வைப்பார்கள், யார் பார்ப்பார்கள், கசிந்தால் எனக்கு எத்தனை நாளில் சொல்வார்கள் என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

கனடாவில் இருக்கும் பேரனின் குரலில் இரவு அழைப்பு வந்தது. கார் விபத்து, உடனே ஐந்து லட்சம் வேண்டும், அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றான். அவன் குரலேதான். மனைவி அழத் தொடங்கிவிட்டா. நல்லவேளை மகன் அழைத்தார். – ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வெள்ளவத்தை

உங்கள் காதில் பிழையில்லை. சில நொடிக் குரல் பதிவு இருந்தால் இன்று அதே குரலில் பேச வைக்கலாம். பேரன் டிக்டொக்கில் போட்ட ஒரு வீடியோ போதும். வீடியோவில் முகம் தெரிந்தாலும் நம்ப முடியாது: ஹொங்கொங்கில் அருப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வீடியோக் கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசிவிட்டு 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் போலி. 2024இல் வெளிவந்த செய்தி இது.

ஒன்றைக் கவனியுங்கள். விபத்து டொரொன்டோவில், பணம் போகவேண்டிய கணக்கு கொழும்பு வங்கி ஒன்றில் என்றால், அங்கேயே நின்றுவிடலாம். 'அப்பாவிடம் சொல்லாதே' என்பதும் அப்படித்தான். அழைப்பை வைத்துவிட்டு, உங்கள் போனில் சேமித்திருக்கும் பழைய நம்பருக்கு நீங்களே அழையுங்கள்.

வீட்டுக்குள் ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளலாம். ஊரில் இருந்த மாட்டின் பெயர், பழைய வீட்டின் செல்லப்பெயர், வெளியார் யாருக்கும் தெரியாத ஏதாவது. பேரன் பணம் கேட்டால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். தயவுசெய்து அந்தச் சொல்லைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை அவர்கள் லீவில் வரும்போது நேரில் சொல்லுங்கள்.