தட்டணுக்களை மட்டும் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் ரத்த தானம் செய்தேன். இப்போது அதே ரத்த வங்கியில் தட்டணுக்கள் மட்டும் கொடுக்க வர முடியுமா என்று கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பார்கள்? முழு ரத்தமே கொடுத்தால் போதாதா? உடம்பு பலவீனமாகிவிடுமா?

பதில்: போதாது. ஒரு பை ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) பெரியவர் ஒருவருக்குக் காணாது. நான்கைந்து பேர் கொடுத்ததை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கருவி வழியாக எடுத்தால் உங்கள் ஒருவரிடமிருந்தே அந்த அளவு கிடைத்துவிடும்.

ரத்தத்தை உறையாதபடி மருந்து கலந்து ஒரு குழாயில் வேகமாகச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். அது ஏறக்குறைய 45 சதவீதம். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பது பிளாஸ்மா. நடுவில் வெளிறிய மெல்லிய படலம் ஒன்று தெரியும். ஒரு சதவீதம்கூட வராத அந்தப் படலத்தில்தான் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இருக்கின்றன.

இவற்றைப் பிரித்து வைப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் கெடாமல் இருக்க ஒவ்வொரு வெப்பநிலை வேண்டும் என்பதே. ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு, உடலில் சுமார் 120 நாள் வாழும். குளிர்பெட்டியில் 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் 42 நாள் வரை தாங்கும். பிளாஸ்மாவில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்றாலும், ரத்தக் கசிவை நிறுத்தும் புரதங்கள் அதில் கரைந்திருக்கின்றன. அவை கெடாதிருக்க பிளாஸ்மாவையே உறைய வைக்கிறோம். (ரத்தம் உறைவது வேறு, இது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகிப் போனது!) வெள்ளையணுக்கள் உங்கள் உடலில் காவலர்கள், இன்னொருவர் உடலிலோ காய்ச்சலைக் கிளப்பக்கூடியவை. அதனால் பல இடங்களில் அவற்றை வடிகட்டிவிடுகிறார்கள்.

தட்டணுக்கள்தான் வம்பு பிடித்தவை. ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்தால் முதலில் ஓடிப்போய் அடைப்பவை இவையே. ஆனால் குளிரில் வைத்தால் உருமாறிவிடும், நோயாளிக்கு ஏற்றியதும் உடல் அவற்றைச் சீக்கிரமே அப்புறப்படுத்திவிடும். ஆகவே வழக்கமாக 20 முதல் 24 டிகிரியில், தொட்டில்போல ஆட்டிக்கொண்டே வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் பாக்டீரியாவும் வளரும் என்பதால் பெரும்பாலும் 5 நாள்தான் கெடு. முன்கூட்டியே சேர்த்துவைக்க வழியில்லாததால்தான் இப்படித் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள்.

எடுக்கும்போது உங்கள் ரத்தம் கருவிக்குள் போய்ச் சுழலும். தட்டணுக்களும் கொஞ்சம் பிளாஸ்மாவும் பைக்குப் போக, மற்றதெல்லாம் உங்களுக்கே திரும்பி வந்துவிடும். ஒன்றரை மணி நேரம்போல ஆகலாம். சிவப்பணுக்கள் திரும்பிவிடுவதால், முழு ரத்தம் கொடுக்கும்போது ஆவதுபோல ஹீமோகுளோபின் இறங்காது. குறைந்த தட்டணுக்களைச் சில நாட்களில் எலும்பு மஜ்ஜை ஈடுகட்டிவிடும். உதடு, விரல் நுனிகளில் மதமதப்பு தோன்றினால் பயப்பட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்கள்.

போகும் முன் ஒரு விஷயம். கடந்த சில நாட்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த மருந்து பட்ட தட்டணு, தன் ஆயுளான எட்டுப் பத்து நாளும் சரியாக வேலை செய்யாது. அதற்காக, இதயத்துக்கு மருத்துவர் எழுதித்தந்த ஆஸ்பிரினை தானம் செய்வதற்கென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.